ரீகாம்பினன்ட் மனித ஆல்டோஸ் ரிடக்டேஸ்: எல்லா மஞ்சளும் 90 சதவீதம் தடுக்கிறது, நம்பலாமா?

மஞ்சக்காடு | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கோபிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். வீட்டில் மஞ்சள் விவசாயம். அம்மாயிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது பாதம் எரிகிறது என்று இரவெல்லாம் தூங்குவதில்லை. அதைப் பார்த்துத்தான் ஆய்வுக்கு ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதியை எடுத்தேன்.

ஈரோடு, கோபி, அந்தியூர், சத்தி பக்கத்துத் தோட்டங்களில் பன்னிரண்டு மஞ்சள் மாதிரி சேகரித்தேன். தூளை எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, உலர்த்தி, அந்தச் சாற்றை டிஎம்எஸ்ஓவில் கரைத்தேன். நொதி விலைக்கு வாங்கியது. இ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மனித நொதி, ஹிஸ் டேக் உள்ளது, 10 மைக்ரோகிராம் குப்பி. 96 குழித் தட்டில் குழிக்கு 200 மைக்ரோலிட்டர். அதில் நொதி அரை மைக்ரோகிராம், என்ஏடிபிஎச் 0.15 மில்லிமோலார், தளப்பொருளாக, அதாவது நொதி மாற்றுவதற்கான பொருளாக, கிளிசரால்டிஹைடு 10 மில்லிமோலார், பாஸ்பேட் பஃபர் பிஎச் 6.2. மஞ்சள் சாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். 340 நானோமீட்டர் ஒளியை என்ஏடிபிஎச் உறிஞ்சும், நொதி அதைச் செலவழிக்கச் செலவழிக்க உறிஞ்சல் இறங்கும். அந்த இறக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்தேன்.

பன்னிரண்டு மாதிரியும் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கின்றன. வழிகாட்டி கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், தூளின் நிறத்திலேயே அது தெரிகிறது. பிறகு எப்படி எல்லாம் ஒரே மாதிரி தடுக்கும்? ஒரு குப்பிக்கு இருபது குழிதான் வருகிறது, அதனால் மாதிரிக்கு ஒரு குழிதான் போட முடிந்தது. எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.


நொய்யல் | திங்கள், இரவு 10:25

உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். கோவையில் நொதி ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறேன். மூன்று விவரம் வேண்டும்.

மஞ்சள் சாறு போட்ட குழியில் பூஜ்யம் நிமிடத்தில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு? சதவீதம் வேண்டாம், கருவி காட்டிய எண்ணைச் சொல்லுங்கள். சாறு போடாத குழியில் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்கியது? குப்பி உங்கள் கைக்கு வந்தபோது பெட்டிக்குள் உலர்பனி மிச்சம் இருந்ததா?


சென்னிமலைத்தறி | செவ்வாய், காலை 6:50

நான் தறிக்காரன், சர்க்கரைக்காரன். இந்த நொதி என்ன வேலை செய்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன். அம்மாயி கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மனித நொதி என்றால் மனிதரிடமிருந்து எடுப்பதா?


கொடிவேரி | செவ்வாய், காலை 8:15

நல்ல கேள்விங்க. முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பில் குளுக்கோஸ் போவதற்குப் பெரிய சாலை ஒன்று இருக்கிறது. சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போது பெரும்பாலும் அதிலேயே போய்விடும். பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதன் வாசலில் நிற்பதுதான் ஆல்டோஸ் ரிடக்டேஸ். அது என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளைச் செலவழித்துக் குளுக்கோஸை சார்பிட்டாலாக மாற்றும். அடுத்து சார்பிட்டால் டிஹைட்ரோஜினேஸ் அதைப் பிரக்டோஸாக மாற்றும். குளுக்கோஸை இந்த நொதி லேசில் பிடிக்காது. கரைசலில் குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாக இருக்கும், லட்சத்தில் ஒன்றிரண்டு மூலக்கூறுதான் திறந்த சங்கிலியாக இருக்கும். நொதிக்கு வேண்டியது அந்தத் திறந்த வடிவம். ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால்தான் இந்தச் சந்தில் கூட்டம் கூடும்.

கண் லென்ஸ், நரம்பு போன்ற இடங்களில் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் ஏறினால் உள்ளேயும் ஏறும். அங்கே சார்பிட்டால் சேரும். அது செல்லை விட்டு எளிதில் வெளியே வராது, தண்ணீரை உள்ளே இழுக்கும், லென்ஸ் உப்பும். இது போக, என்ஏடிபிஎச் இங்கே செலவாகிவிட்டால் செல்லைக் காக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஆள் குறையும்.

1956-இல் ஹெர்ஸ் என்ற பெல்ஜிய அறிவியலாளர் ஆட்டின் விந்துப்பையில் இந்த நொதியைக் கண்டார். விந்தில் உள்ள பிரக்டோஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்க் கிடைத்தது. 1959-இல் ரூத் வான் ஹெய்னிங்கன் சர்க்கரைப் புரை வந்த எலியின் லென்ஸில் சார்பிட்டால் சேர்ந்திருப்பதைக் காட்டினார். பிறகு ஜின் கினோஷிட்டா, லென்ஸ் உப்புவதுதான் புரைக்கு ஆரம்பம் என்ற விளக்கத்தைக் கொடுத்தார்.

மனித நொதி பற்றிக் கேட்டீர்கள். முன்பு பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடியிலிருந்து கஷ்டப்பட்டுப் பிரித்தார்கள். 1989, 90 வாக்கில் இதன் மரபணுவைப் பிரதி எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரதியை இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால், பாக்டீரியா தன் புரதங்களோடு நம்முடைய 316 அமினோ அமிலச் சங்கிலியையும் கட்டிக் கொடுக்கும். எடை சுமார் 36 கிலோடால்டன். கட்டிய சங்கிலியின்மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்ட வேண்டிய தேவையில்லை, துணைக்கு இன்னொரு சங்கிலியும் வேண்டாம், தனியாளாக வேலை செய்யும். பாக்டீரியாவில் தயாரிக்க இதைவிடத் தோதான மனித நொதி குறைவு. ஹிஸ் டேக் என்பது பிரித்தெடுக்க வசதியாக ஓரத்தில் கட்டிய ஹிஸ்டிடின் வால். இதெல்லாம் ஆய்வகத்துக்கான பொருள், யாருக்கும் மருந்தாகக் கொடுப்பதற்கில்லை.


சென்னிமலைத்தறி | செவ்வாய், காலை 9:05

புரிந்ததுங்க அக்கா. சந்து வாசல் கணக்கு மனதில் நின்றுவிட்டது. அம்மிணி அந்த வாசலை மஞ்சளால் அடைக்கப் பார்க்கிறது, சரிதானே?


மஞ்சக்காடு | செவ்வாய், மதியம் 1:30

ரொம்பச் சரிங்க அண்ணா.

நொய்யல் அண்ணாவுக்கு: கோப்பைத் திறந்து பார்த்தேன். சாறு போட்ட குழிகளில் ஆரம்ப எண் 3.4-இலிருந்து 3.6 வரை இருக்கிறது. சாறு போடாத குழியில் ஆரம்பத்தில் 0.55, நிமிடத்துக்கு 0.004 இறங்கியது. பெட்டி வந்தபோது உலர்பனி இல்லை, உள்ளே குளிர்ச்சி மட்டும் இருந்தது. நடுவில் இரண்டு நாள் விடுமுறை, கூரியரில் தங்கிவிட்டது. துறையின் ஃப்ரீசரில் வைத்தேன், அது மைனஸ் 20, பனி படியாத வகை.


நொய்யல் | செவ்வாய், மாலை 6:10

விடை அந்த 3.4-லேயே இருக்கிறது.

உறிஞ்சல் 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் தட்டைத் தாண்டிக் கீழே வருகிறது. அதற்கு மேல் பெரும்பாலான கருவிகளால் ஏற்ற இறக்கத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் தேடுவது பத்து நிமிடத்தில் 0.04 அளவுக்கு ஓர் இறக்கம். 3.4-க்கு மேல் அந்த 0.04 கண்ணுக்கே தெரியாது, கோடு படுத்தே கிடக்கும். நொதி உள்ளே முழு வேகத்தில் ஓடினாலும் கருவி ‘எதுவும் இறங்கவில்லை’ என்றுதான் சொல்லும். அதை நாம் ‘தடுத்துவிட்டது’ என்று எழுதுகிறோம். பன்னிரண்டும் ஒரே மாதிரி வந்ததற்குக் காரணம் மஞ்சளின் மஞ்சள் நிறம்.

குர்குமினின் உச்சம் 425 நானோமீட்டரை ஒட்டி இருந்தாலும் அதன் வால் 340-லும் விழும். உலர்ந்த சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு குர்குமின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் போட்டால் 200 மைக்ரோகிராம் குர்குமின் ஆகிறது. மூலக்கூறு எடை 368, அப்படியானால் 540 மைக்ரோமோலாருக்கு மேல். அந்த அளவு தண்ணீரில் கரையவே கரையாது, துகளாக மிதக்கும். துகள் ஒளியைச் சிதறடிக்கும், நொதியைத் தன்மேல் ஒட்டவைத்தும் முடக்கும்.

அடுத்தது நொதியின் உயிர். குப்பித் தாளில் செயல்திறன் எவ்வளவு போட்டிருக்கிறது? மைக்ரோகிராமுக்கு நிமிடத்துக்கு 1000 பிக்கோமோல் என்று இருந்தால், மில்லிகிராமுக்கு ஒரு யூனிட் என்று அர்த்தம். நீங்கள் போட்டது அரை மைக்ரோகிராம், அதாவது நிமிடத்துக்கு அரை நானோமோல். 200 மைக்ரோலிட்டரில் அது 2.5 மைக்ரோமோலார். என்ஏடிபிஎச்சின் மோலார் உறிஞ்சல் 6220, தட்டில் ஒளி போகும் நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பெருக்கினால் நிமிடத்துக்கு 0.0086 வரும். உங்களுக்கு வந்தது 0.004. அவர்கள் சோதித்த வெப்பநிலையும் தளப்பொருளும் வேறாக இருக்கலாம், ஆனாலும் நொதியில் பாதிதான் உயிரோடு இருக்கிறது என்று தோன்றுகிறது.


மஞ்சக்காடு | செவ்வாய், இரவு 8:45

தாளில் 1000-தான் போட்டிருக்கிறது அண்ணா. கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆறு மாதமாக இதைத்தான் சுமந்துகொண்டு இருந்தேன். வழிகாட்டியிடம் நாளைக்கே காட்டுகிறேன்.


குளிர்பெட்டி | செவ்வாய், இரவு 9:30

நான் கோவையில் ஆய்வகப் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். பாதி செத்ததற்குப் பனி படியாத ஃப்ரீசரும் ஒரு காரணம். அது நாளுக்குச் சில தடவை தானே சூடேறிப் பனியை உருக்கும். காய்கறிக்கு அது நல்லது. 10 மைக்ரோகிராம் நொதி இருக்கும் சின்னக் குப்பிக்கு ஒவ்வொரு தடவையும் ஓர் உருகல், ஓர் உறைதல். புரதம் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் குலையும், குப்பியின் சுவரிலும் ஒட்டிப் போகும்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். வந்த அன்றே ஒரு தடவைக்கு ஆகிற அளவாகப் பிரித்து மைனஸ் 80-இல் வை. ஒரு குப்பியைத் திறந்தால் மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதே. திங்கள், செவ்வாயில் கிளம்புகிற மாதிரி ஆர்டர் போடு. வெள்ளிக்கிழமை கிளம்பும் பெட்டி வழியில் எங்கேயாவது ஞாயிறைக் கழிக்கும். உங்கள் கல்லூரியில் மைனஸ் 80 இல்லையென்றால் கோவையில் இருக்கும் ஆய்வகம் ஒன்றில் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற அன்றைக்குத் தெர்மாகோல் பெட்டியில் பனியோடு காந்திபுரத்தில் பஸ் ஏறு. கோபி போகிற வரைக்கும் தாங்கும், நானே அப்படிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிச் சாயங்காலம்தான் முடியும். எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். அன்றைக்கு ஃப்ரீசர் கதவைத் திறக்கக்கூடாது என்று துறையில் எழுதி ஒட்டு, தங்கச்சி.


கொடிவேரி | புதன், காலை 7:20

செத்தது பாதி என்றால் மீதிப் பாதியும் பழைய குணத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நொதியின் வாயிலேயே 298-ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. காற்றுப் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி சாகாது, குணம் மாறிவிடும். தளப்பொருளோடு ஒட்டுவது மாறும், தடுப்பான்களுக்கும் முன்போல் அடங்காது. பழைய நொதியில் ‘இந்தச் சாறு தடுக்கவில்லை’ என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. அதனால் குவெர்செட்டின் அல்லது எபால்ரெஸ்டாட்டை ஒவ்வொரு தட்டிலும் ஒப்பீட்டுக்குப் போடு. தெரிந்த தடுப்பான் தெரிந்த மாதிரி தடுத்தால்தான் அன்றைய நொதி நல்ல நொதி.


பாலமலை | புதன், காலை 10:40

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இவ்வளவு செலவழித்து 10 மைக்ரோகிராம் வாங்குவது ஏன்? எங்கள் கல்லூரியில் பதினைந்து வருடமாக ஆட்டுக்கண்ணில்தான் செய்கிறோம். சனிக்கிழமையே கறிக்கடையில் சொல்லி வைத்தால் ஞாயிறு காலையில் முப்பது கண் கிடைக்கும். லென்ஸைப் பிரித்து, குளிர்ந்த பஃபரில் அரைத்து, சுழற்றி, மேல்தண்ணீரை எடுத்தால் நொதி கைக்கு வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் கற்றுக்கொண்டார்கள். கையில் காசில்லாத கல்லூரிகளுக்கு இதுதான் வழி.


நொய்யல் | புதன், மதியம் 2:15

கற்றுக்கொள்ள அது அருமையான வழிங்க ஐயா, நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் அரைத்த லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் மட்டுமா இருக்கிறது? அதன் உறவுக்கார நொதியான ஆல்டிஹைடு ரிடக்டேஸும் என்ஏடிபிஎச்சைத்தான் செலவழிக்கிறது, கிளிசரால்டிஹைடையும் தொடும். 340-இல் ஒரு கோடு இறங்கினால் யார் இறக்கினார் என்று சொல்ல முடியாது. மனித நொதியை எந்தச் சேர்மம் எவ்வளவு செறிவில் தடுக்கிறது என்று எண் சொல்ல வேண்டுமானால், தனியாகப் பிரித்த மனித நொதி வேண்டும்.


பாலமலை | புதன், மாலை 5:00

அதை ஒப்புக்கொள்கிறேன். எண் வேண்டுமென்றால் தனி நொதி வேண்டும். ஆனால் தனி நொதி நிற்பது பஃபருக்குள், கண்ணுக்குள் அல்ல. லென்ஸில் புரதம் கெட்டியாக நிறைந்திருக்கிறது. குர்குமின் கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும். குழியில் நன்றாகத் தடுத்த ஒன்று லென்ஸ் கரைசலில் ஒன்றுமே செய்யாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் செய்யட்டும். முதலில் மனித நொதியில் எண், பிறகு ஆட்டு லென்ஸில் அது தாங்குகிறதா என்ற சோதனை.


நொய்யல் | புதன், மாலை 5:20

அந்த வரிசை எனக்கும் பிடித்திருக்கிறது ஐயா. அம்மிணி, அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.


மஞ்சக்காடு | புதன், இரவு 9:10

குறித்துக்கொண்டேன். வழிகாட்டியிடம் காட்டினேன், முதலில் வருத்தப்பட்டார், பிறகு கோப்பை முழுக்கப் பார்த்துவிட்டுக் கட்டுரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்னொரு குப்பி வாங்கப் பணம் இல்லை. நொதியை நாமே தயாரிக்க முடியுமா என்று கேட்கிறார். எங்கள் ஆய்வகத்தில் ஷேக்கர், சென்ட்ரிபியூஜ், சோனிகேட்டர் இருக்கிறது. முடியுமா அண்ணா?


நொய்யல் | வியாழன், காலை 6:30

முடியும், முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். இருபது குழியை வைத்துக்கொண்டு தடுப்புத்திறனை அளக்க முடியாது. ஒரு சாற்றுக்கு எட்டுச் செறிவு, ஒவ்வொன்றும் மூன்று தடவை, அதுவே இருபத்து நான்கு குழி. ஒரு லிட்டர் வளர்ப்பில் இந்த நொதி மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். பத்து மில்லிகிராம் வந்தால் நீங்கள் வாங்கிய குப்பி ஆயிரத்துக்குச் சமம்.

மரபணு 951 எழுத்துதான், முற்றுப்புள்ளிக் குறியீட்டையும் சேர்த்து. அதைச் சுமக்கும் டிஎன்ஏ வளையத்தை, அதாவது பிளாஸ்மிட்டை, வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு உங்கள் வழிகாட்டி கடிதம் எழுதினால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இல்லையென்றால் எழுத்துக்களைக் கொடுத்துச் செயற்கையாகச் செய்து வாங்கலாம். மரபணு மாற்றிய நுண்ணுயிர் என்பதால், 1989 விதிகளின்படி உங்கள் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிஎல்21 டிஇ3 வகை இ.கோலையில் ஏற்றி, 37 டிகிரியில் வளர்த்து, கலங்கல் 0.6 வந்ததும் மரபணுவை முடுக்கிவிடும் ஐபிடிஜி 0.3 மில்லிமோலார் போட்டு, வெப்பத்தை 25-க்குக் குறைத்து இரவு முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு 37-லேயே ஓட்டினால் புரதத்தில் ஒரு பகுதி உருண்டு கட்டியாகிவிடும். காலையில் செல்லை உடைத்து, சுழற்றி, தெளிந்ததை ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் பத்தியில் ஏற்றுங்கள். பத்தியில் ஏற்றும்போது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கப் போடும் டிடிடியைச் சேர்க்காதீர்கள், நிக்கலைப் பழுப்பாக்கிவிடும். சிஸ்டீனைக் காக்கக் கொஞ்சம் மெர்காப்டோஎத்தனால் போதும். இமிடசோலில் இறக்கியபின் டயாலிசிஸ் செய்து இமிடசோலை முழுக்க நீக்கி, அதற்குப் பிறகு டிடிடி 1 மில்லிமோலார், கிளிசரால் 20 சதவீதம் சேர்த்துப் பிரித்து உறைய வையுங்கள்.

இதோடு ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய இ.கோலையையும் இதே மாதிரி வளர்த்து, இதே மாதிரி பத்தியில் ஏற்றி, வருவதைச் சோதியுங்கள். இ.கோலைக்கும் தன் சொந்த ரிடக்டேஸ்கள் உண்டு. அவை ஒட்டிக்கொண்டு வந்தால் பாக்டீரியாவின் வேலையை மனிதக் கணக்கில் எழுதிவிடுவோம். ஜெல்லில் 36-க்கு அருகில் ஒரே கோடு தெரிவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.


கொடிவேரி | வியாழன், காலை 8:50

இதன் படிக அமைப்பைப் பார்க்காமல் இருக்காதே கண்ணு. 1992-இல் 1.65 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் மனித நொதியின் வடிவம் வந்தது. எட்டுப் பலகை சேர்ந்த பீப்பாய், அதன் வாயில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்களே அதிகம், சர்க்கரைக்குப் பொருந்தாத இடம். இந்த நொதியின் உண்மையான வேலை சர்க்கரையைப் பிடிப்பதுதானா என்று அப்போதே கேள்வி எழுந்தது. கொழுப்பு கெட்டுப்போகும்போது உண்டாகும் நச்சு ஆல்டிஹைடுகளை இது திறமையாக அப்புறப்படுத்துகிறது என்று பிறகு தெரிந்தது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவைத் தாங்கிக்கொள்ளச் சார்பிட்டால் வேண்டும், அதையும் இதுதான் செய்து கொடுக்கிறது. ஆகவே வாசலை முழுக்க அடைப்பது நல்லது என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதே.

2004-இல் ஒரு தடுப்பானோடு சேர்ந்த வடிவத்தை 0.66 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தார்கள். புரதத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் கூடப் பல இடங்களில் தெரிகிற துல்லியம் அது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனித நொதி மிகச் சில. அதில் நீ வேலை செய்கிறாய் என்பதே எனக்குச் சந்தோஷம்.


விரலிமஞ்சள் | வியாழன், இரவு 7:00

ஈரோட்டில் விவசாயிகள் சேர்ந்து மஞ்சள் தூள் பாக்கெட் போடுகிறோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் பெரிதாக விலை ஏறவில்லை. இந்த ஆய்வு முடிந்ததும் ‘சர்க்கரை நோயாளிகளின் கண்புரையைத் தடுக்கும்’ என்று பாக்கெட்டில் போடலாமா? ஆய்வகச் சான்று கொடுத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.


தாராபுரம்கண் | வியாழன், இரவு 9:45

நான் கண் மருத்துவர். உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் அப்படிப் போடக்கூடாதுங்க. 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது, கண்புரையும் இருக்கிறது. இவற்றைக் குணமாக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் உண்மை இடம் கொடுக்கவில்லை. குழியில் நொதியைத் தடுப்பதற்கும் கண்ணுக்குள் தடுப்பதற்கும் வெகுதூரம். சாப்பிட்ட குர்குமின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது, அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும். இதே நொதிக்கு என்றே பெரிய நிறுவனங்கள் செய்த மருந்துகளின் கதையைப் பாருங்கள். டோல்ரெஸ்டாட் விற்பனைக்கு வந்து, கல்லீரல் பாதிப்பால் 1990-களில் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மருந்துகள் சோதனைக் கட்டத்திலேயே நின்றன. ஜப்பானில் 1992-இல் அனுமதி பெற்ற எபால்ரெஸ்டாட் நிலைத்தது, இந்தியாவிலும் நரம்பு எரிச்சலுக்குக் கிடைக்கிறது. புரைக்கு இன்றைக்கும் அறுவைதான்.

ஆனால் இந்தப் பாதையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பிறவியிலேயே சார்பிட்டால் டிஹைட்ரோஜினேஸ் இல்லாதவர்களுக்கு உடம்பில் சார்பிட்டால் சேர்ந்து, சர்க்கரை நோய் இல்லாமலேயே நரம்பு கெடுகிறது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். வாசலில் இருக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தை இப்போது அவர்களுக்காகச் சோதிக்கிறார்கள். அம்மிணியின் அம்மாயிக்கு: காலில் தினமும் புண் இருக்கிறதா என்று பாருங்கள், செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போக விடாதீர்கள், விழித்திரையை வருடம் ஒரு தடவை காட்டுங்கள். புரை எடுத்துவிட்டோம் என்று விழித்திரையை விட்டுவிடுகிறார்கள், பார்வை போவது பெரும்பாலும் அங்கேதான்.


விரலிமஞ்சள் | வெள்ளி, காலை 6:15

சரிங்க டாக்டர், போடமாட்டோம். நல்லவேளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டேன். அம்மிணிக்கு மாதிரி வேண்டுமென்றால் சொல்லட்டும். பாலீஷ் போடாத விரலி, எந்தத் தோட்டம், என்றைக்கு வேகவைத்தது, எத்தனை நாள் காய்ந்தது எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். கடையில் வாங்கிய தூளை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம், மெட்டானில் மஞ்சள் மாதிரி சாயம் கலந்தது வெளியே நிறையச் சுற்றுகிறது.


மஞ்சக்காடு | வெள்ளி, இரவு 8:30

கண்டிப்பாக வாங்கிக்கொள்கிறேன் அண்ணா. டாக்டர், அம்மாயியை அடுத்த வாரம் விழித்திரை பார்க்கக் கூட்டிப் போகிறேன். புரை எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.


மஞ்சக்காடு | பதினோரு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4:20

இழையை மேலே கொண்டுவருகிறேன். பிளாஸ்மிட் வேறொரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து கிடைத்தது. முதல் தடவை செல்லை உடைத்தபோது சோனிகேட்டர் சூடாகிப் புரதம் திரிந்துவிட்டது. அடுத்த தடவை பனிக்குள் வைத்து, பத்து விநாடி ஓட்டி முப்பது விநாடி நிறுத்தினேன். ஒரு லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் வந்தது. வெறும் பிளாஸ்மிட் வளர்ப்பிலிருந்து வந்ததில் கோடு ஏறக்குறைய இறங்கவே இல்லை. குவெர்செட்டின் ஒவ்வொரு தட்டிலும் ஒழுங்காகத் தடுக்கிறது.

மஞ்சள் சாற்றை மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போடவில்லை. ஆரம்ப உறிஞ்சல் எல்லாக் குழியிலும் ஒன்றுக்குக் கீழே. ஒவ்வொரு சாற்றுக்கும் நொதி இல்லாத குழி, தளப்பொருள் இல்லாத குழி இரண்டையும் கழித்தேன். பன்னிரண்டில் நான்கு, வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. மற்றவை அதைவிடக் குறைவு, இரண்டில் ஒன்றுமே இல்லை. நான்கிலும் துகளைக் கலைக்கும் சோப்பு மாதிரியான டிரைட்டன் எக்ஸ்-100 0.01 சதவீதம் சேர்த்துப் பார்த்ததில் இரண்டின் தடுப்பு காணாமல் போனது. அவை துகளாக இருந்துதான் தடுத்தன போல. இரண்டு நிற்கிறது. அதில் ஒன்று எங்கள் தோட்டத்து மஞ்சள்.


நொய்யல் | ஞாயிறு, மாலை 5:05

அருமைங்க அம்மிணி. இந்த இரண்டும் கையில் பிடித்து நிற்கக்கூடியது. சாற்றை எப்போது கரைத்தீர்கள்? குர்குமின் பிஎச் 7.2 பாஸ்பேட்டில் 37 டிகிரியில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். 6.2-இல் அவ்வளவு வேகமில்லை, ஆனாலும் பஃபரில் கலந்த கரைசலை வைத்திருந்து பயன்படுத்தினால் எண் மாறும்.


மஞ்சக்காடு | ஞாயிறு, மாலை 5:40

டிஎம்எஸ்ஓ கரைசலை இருட்டில் வைத்து, தட்டில் போடும்போதுதான் பஃபரில் கலந்தேன் அண்ணா. கலந்ததிலிருந்து முதல் எண் வரை மூன்று நிமிடத்துக்குள்.


பாலமலை | ஞாயிறு, இரவு 7:15

அப்படியானால் அடுத்தது ஆட்டு லென்ஸ். வருகிற ஞாயிறு எங்கள் கறிக்கடைக்காரரிடம் இருபது கண் சொல்லி வைக்கிறேன். காலை ஏழு மணிக்குள் பனிப்பெட்டியோடு வந்துவிடு அம்மா, தாமதமானால் லென்ஸ் மங்கிவிடும்.


மஞ்சக்காடு | ஞாயிறு, இரவு 7:30

முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் ஐயா. நொதியும் இரண்டு குப்பி கொண்டுவருகிறேன், உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும்.